ரேகையில் படிந்த தூள்

தராசின் முள் நின்றது. ஜெயபாலன் எண்ணைப் படித்தான். கண்ணாடிப் பெட்டியைத் திறக்காமலேயே இன்னொரு முறை படித்தான். நூறில் ஒன்பது. முதல் தடவையும் அதுதான் வந்தது.

அவன் நம்பவில்லை.

புக்கிட் ரம்பாயில் இருந்த கல் ஆலையின் தூசி அது. அங்கே கருங்கல்லை உடைத்தும் அரைத்தும் மொசைக் தரைக்குச் சல்லியும் மாவும் செய்தார்கள். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், ஆகி மறுவருஷம். மலாக்காவில் எங்கே பார்த்தாலும் பள்ளிக்கூடமும் ஆபீசும் எழும்பிக்கொண்டிருந்தன; எல்லாவற்றுக்கும் மொசைக் தரை வேண்டியிருந்தது. ஆலைக்கு ஓய்வே இல்லை. அது அரைத்த கருங்கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குவார்ட்ஸ். வெயிலில் திருப்பிப் பிடித்தால் கண்ணாடிப் பொட்டுகளாக மின்னுவது அதுதான். கல்லில் முப்பது இருக்க, கல்லின் தூசியில் மட்டும் ஒன்பது எப்படி வரும்?

யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று ஜெயபாலன் முடிவு செய்தான்.

ஆலையின் அரைவைக் கொட்டகையில் நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மருதமுத்து, அவனுடைய அக்காள் புருஷன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இன்னொரு வருஷம் அந்தக் கொட்டகையில் நின்றால் ஆள் மிஞ்சமாட்டான் என்று சொல்லிவிட்டார். மற்றத் தொழிலாளிகளும் புகார் செய்ததில், தொழிலாளர் இலாகா கொட்டகையின் விட்டங்களில் படிந்திருந்த தூசியை வழித்துப் புட்டியில் அடைத்து, அரக்கு வைத்துச் சோதனைக்கு அனுப்பியது. குவார்ட்ஸ் அதிகம் என்று அறிக்கை போனால், தண்ணீர் பீய்ச்சும் குழாய் போடும்வரை இயந்திரம் ஓடக்கூடாது. இருமுகிறவர்களுக்கு வெளிவேலை தரவேண்டும். குறைவு என்று போனால் எல்லாம் பழையபடி நடக்கும். மருதமுத்துவின் விடுப்பு மாதக் கடைசியோடு தீர்கிறது. அதன்பின் அவன் கொட்டகைக்குள் போயாக வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விடவேண்டும். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் வேலை கேட்பது?

இந்த உறவை ஜெயபாலன் சோதனைக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தூசியைத் தன் கையிலிருந்து பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தான்.

சோதனைக்கூடம் காஜா பேராங் சாலையில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சொந்தக்காரர் சொக்கப்பன். தாத்தா காலத்திலேயே மலாக்காவுக்கு வந்துவிட்ட செட்டிநாட்டுக் குடும்பம். மதராசில் ரசாயனம் படித்துத் திரும்பியவர், வட்டிக்கடையில் உட்காரமாட்டேன் என்று அப்பச்சி என்று அவர் கூப்பிடும் தகப்பனாரோடு சண்டை போட்டு இதைத் திறந்தார். ரப்பர் பால், ஈய மண், தேங்காய் எண்ணெய், கிணற்றுத் தண்ணீர் என்று வந்ததையெல்லாம் சோதித்தார்கள். கையெழுத்து சொக்கப்பனுடையது. அமிலமும் அடுப்பும் தராசும் ஜெயபாலனுடையவை. அரைப்பதும் கழுவுவதும் கலியாணசுந்தரம்.

கலியாணசுந்தரத்துக்கு ஐம்பது தாண்டியிருந்தது. தெங்கேராவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பஸ்பமும் செந்தூரமும் அரைத்துக்கொண்டிருந்தவர். கடை கைமாறியதும் இங்கே வந்தார். அகேட் என்ற வழவழப்பான கல்லில் குடைந்த சின்ன உரல் ஒன்று சோதனைக்கூடத்தில் இருந்தது. மற்றவர்கள் தொட்டால் அவருக்குப் பிடிக்காது. கல்வம் என்றுதான் அதைச் சொல்லுவார்.

"எவ்ளோ வந்துச்சு தம்பி?" என்று அவர் கேட்டார்.

"ஒம்போது."

"அவ்ளோதானா?" அவர் முகம் சுருங்கியது. கல்வத்தைத் துணியால் துடைத்தார். "இன்னும் நல்லா அரைக்கணுமோ?"

ஜெயபாலன் அவரைத் திரும்பிப் பார்த்தான். ரப்பர் பாலுக்கோ எண்ணெய்க்கோ என்ன எண் வந்தது என்று இந்த மனிதர் ஒருநாளும் கேட்டதில்லை. இதற்கு மட்டும் என்ன அக்கறை?

சொக்கப்பன் தன் மேசையிலிருந்து தலையைத் தூக்கினார். கழுத்தில் ஸ்படிக மாலை சட்டைக்கு வெளியே கிடந்தது. "ஒம்போதுன்னா ஒம்போதுன்னு எழுதேன்ப்பா. இலாகா நம்பரைத்தான் கேக்குது. நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா நம்பர் ஏறிடுமா?"

"இன்னொரு தடவை பாத்துடறேன் சார்."

"பாரு. தூசி தீர்ற வரைக்கும் பாரு."

வேலை எளிமையானது. தூசியை அரைத்து, கொதிக்கும் பாஸ்பாரிக் அமிலத்தில் போட்டால் மற்றக் கல்வகை எல்லாம் கரைந்துபோகும், குவார்ட்ஸ் மட்டும் மிஞ்சும். மிஞ்சியதை வடிகட்டி, சுட்டு, நிறுக்க வேண்டும். புட்டியின் அரக்கை உடைத்தது ஜெயபாலன். உடைக்கும்போது முத்திரை முழுசாக இருந்தது. அமிலத்தில் போட்டது அவன். வடித்தது, சுட்டது, நிறுத்தது எல்லாம் அவன். தூசி அவன் கையை விட்டு விலகிய இடம் ஒன்றே ஒன்று. கல்வம்.

அதன்பிறகு அவன் கலியாணசுந்தரத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

பார்க்கத் தொடங்கினால் எல்லாமே தெரியும். தூசியை அரைக்கும்போது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். மற்ற மாதிரிகளை மேசையிலேயே அரைத்தார். தூசிக்கு மட்டும் ஸ்பிரிட் விட்டுக் குழைத்தார். இடையில் யாராவது அருகே போனால் கல்வத்தைக் கையால் மூடினார்.

"காத்து பட்டா பறந்துடும் தம்பி" என்றார். கேட்காமலே சொன்னார். மூன்றாவது தடவையும் ஒன்பதுதான் வந்தது.

மறுநாள் சாயங்காலம், மூலைக் கோப்பிக் கடையில் அவரைச் சேதுபதியோடு பார்த்தான். சேதுபதி ஆலையின் மண்டோர். ஆலை முதலாளியான தவுக்கேக்காக அரைவைக் கொட்டகையில் ஆட்களை ஏவுகிறவன். இருவரும் உள்ளே, சுவரோர மேசையில். கலியாணசுந்தரம் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைக்கு அடியில் நீட்டினார். சேதுபதி வாங்கி, முனையைப் பிரித்துப் பார்த்தான். சாம்பல் பச்சையாக ஏதோ பொடி. சட்டென்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தான். ஜெயபாலன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

கோப்பி குடிக்காமலே அக்காள் வீட்டுக்கு நடந்தான்.

பொன்னம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னடா சொல்லுது உன் ஆபீசு?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்க்கா."

"என்னத்த பாக்குறீங்க? சட்டையை உதறினா ஒரு படி கொட்டும். அதை நிறுக்க ஒரு மாசமா?"

மருதமுத்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டும். "அவனை உள்ள விடுடி. வா மாப்ள. என் நெஞ்சுக்குள்ள மொசைக் தரை போட்டு முடிச்சாச்சு. பாலிஷ்தான் பாக்கி." சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. அது நிற்கும்வரை பொன்னம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சேதுபதி எப்படி மச்சான்? தவுக்கே ஆளா?"

"மண்டோர்னா தவுக்கே ஆளுதான். ஆனா சமீபமா ஒரு மாதிரி. கொட்டகைக்குள்ள வர்றதே இல்ல. வெளிய நின்னே கத்துறான்." மருதமுத்து மூச்சு வாங்கினான். "ஏன்?"

"சும்மாதான்."

"தூசியை எங்கேர்ந்து எடுத்தாங்களாம்? தரையிலயா?"

"விட்டத்துல."

"அதுதான் சரி. தரையில கிடக்கிறது மூக்குல மாட்டும், சிந்தினா போச்சு. ஓட்டை வழியா வெயில் விழும்போது மாவாட்டம் மிதக்குது பாரு, அது பல்லுல கூட மாட்டாது. நேரா உள்ளதான்."

ஜெயபாலன் அதைக் கேட்டான். மனத்தில் வாங்கவில்லை. அவன் கண் வாசல் கதவுக்கு அண்டை கொடுத்திருந்த கல்லின் மேல் இருந்தது. ஆலையிலிருந்து மருதமுத்து எப்போதோ கொண்டுவந்த கருங்கல்.

"இதை நான் எடுத்துக்கவா?"

"கதவு அடிச்சுக்குமேடா" என்றாள் பொன்னம்மா.

"வேற கல்லு கொண்டாந்து தர்றேன்க்கா."

ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கூடத்தில் யாரும் இல்லை. கல்லின் ஒரு மூலையை உடைத்து இரும்பு உரலில் இடித்தான். நன்றாகக் கலந்து, இரண்டு புட்டிகளில் சமமாகப் போட்டான். ஒன்றில் "புக்கிட் ரம்பாய் ஆலை, இரண்டாம் மாதிரி" என்று எழுதி ஒட்டினான். மற்றதில், பக்கத்து ஊரின் பெயரைப் போட்டு, "செங், கட்டட வேலை" என்று எழுதினான். ஒரே கல், ஒரே இடி, இரண்டு பெயர். இரண்டிலும் ஒரே எண் வந்தால் கலியாணசுந்தரம் யோக்கியர். ஆலைப் புட்டியில் மட்டும் குறைந்தால் ஆள் அகப்பட்டான்.

பொய்ப் பெயர் எழுதிய மாதிரியை அதுவரை அவன் அந்த அலமாரியில் வைத்ததில்லை.

திங்கட்கிழமை கலியாணசுந்தரம் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆலைது மறுபடியும் வந்திருக்கா? இதென்ன, இவ்ளோ கொரகொரப்பு?"

"அனுப்பினது அதான்."

"செங் எதுக்கு?"

"யாரோ கட்டடக்காரர். அவசரமில்ல."

செங் புட்டியை அவர் கோப்பி வருவதற்குள் அரைத்து முடித்துவிட்டார். ஆலைப் புட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். ஸ்பிரிட் விட்டார். குழவி சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாளும் சுற்றியது. ஜெயபாலன் ரப்பர் பாலைச் சோதித்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டான். முதலில் நறநறவென்று இருந்தது. பிறகு சத்தமே இல்லை. கை மட்டும் சுற்றியது. ஒரு தடவை அவர் எதையோ எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்து ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார். திரும்பியபோது ஜெயபாலன் பார்ப்பதைக் கண்டு கையை இறக்கிக்கொண்டார்.

செங் முப்பத்தொன்று. ஆலை பத்து.

ஜெயபாலன் இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதினான். பிடித்துவிட்டான். சந்தோஷம் வரவில்லை.

சொக்கப்பன் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, இரண்டு புட்டிகளையும் கலியாணசுந்தரத்தின் முன்னால் வைத்தான்.

"அண்ணே, இது ரெண்டும் ஒரே கல்லு."

"என்ன?"

"ஒரே கல்லு. நான்தான் இடிச்சேன். நான்தான் ரெண்டு பேரு எழுதினேன். செங்குல முப்பத்தொண்ணு வருது. ஆலையில பத்து வருது. நடுவுல என்ன கலந்தீங்க?"

கலியாணசுந்தரம் புட்டிகளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். புரிய நேரமாயிற்று.

"என்னைச் சோதிச்சியா?"

"சேதுபதிக்கு என்ன குடுத்தீங்க? கோப்பிக் கடையில. மேசைக்கு அடியில."

"அதையும் பாத்தியா. சரிதான்." அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஆடாதோடைப் பொடி. திப்பிலி கொஞ்சம். அவனுக்கும் இருமல் வந்து ஆறு மாசமாச்சு. தவுக்கேக்குத் தெரிஞ்சா மண்டோர் வேலை போயிடும், அதான் மேசைக்கு அடியில வாங்குறான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு கையைப் பிடிச்சுக் கேட்டான். இப்ப சொல்லிட்டேன். போதுமா?"

"அப்ப இது?" ஜெயபாலன் ஆலைப் புட்டியைத் தட்டினான்.

"அதுல ஒண்ணும் கலக்கல. அரைச்சேன். உன் மச்சான் நின்ன இடத்துத் தூசின்னு ஒழுங்கா அரைச்சேன்."

"என் மச்சானா?"

"மருதமுத்து உனக்கு மச்சான்தானே? பொன்னம்மா கல்யாணத்துல நான் பந்தியில உக்காந்து சாப்பிட்டிருக்கேன். எனக்கு ரசம் ஊத்தினதே நீதான். இலை நிறைய ஊத்தி வேட்டியை நனைச்சே. மறந்துட்டியா?"

ஜெயபாலனுக்கு நினைவில்லை. அன்று எத்தனையோ பேருக்கு ரசம் ஊற்றினான்.

"நீயா சொல்ற வரைக்கும் நான் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். நம்பர் சரியா வரணும்னு என்னால ஆனதைச் செஞ்சேன். மத்ததை மண்ணாட்டம் அரைக்கிறேன். இதை ஜன்னல் வெளிச்சத்துல வச்சு மருந்தாட்டம் அரைச்சேன். பாரு."

அவர் ஆலைப் புட்டியில் மீந்த தூளை ஒரு சிட்டிகை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, விரலை விரித்துக் காட்டினார். தூள் விழவில்லை. ரேகைகளுக்குள் போய் வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருந்தது.

"பொடி மருந்தாச்சான்னு இப்படித்தான் பாப்போம். ரேகையில படியணும். தண்ணியில தூவினா மிதக்கணும். நறநறன்னா அது மருந்தில்ல, மண்ணு. மண்ணைத் தின்னா உடம்புல சேராது. நுணுக்கினாதான் உள்ள இருக்கிறது வெளிய வரும்."

ஜெயபாலன் செங் தூளில் ஒரு சிட்டிகையைப் பல்லில் வைத்துக் கடித்தான். நறநறத்தது. துப்பிவிட்டு, ஆலைத் தூளை வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. முகப்பவுடர் மாதிரி நாக்கில் ஒட்டியது.

பல்லில் கூட மாட்டாது என்று மருதமுத்து சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

"அண்ணே" என்றான். கலியாணசுந்தரம் எழுந்து போய்விட்டார்.

அன்று மிச்சமிருந்த செங் தூளில் பாதியை ஜெயபாலனே கல்வத்தில் போட்டு அரைத்தான். தோள் இற்றுப்போயிற்று. மறுநாளும் அரைத்தான். அவன் விரலில் அது பாதிதான் படிந்தது. அமிலத்தில் போட்டு நிறுத்தான். முப்பத்தொன்று வந்த அதே தூள் பதினெட்டுக்கு இறங்கியிருந்தது.

யாரும் எதையும் கலக்கவில்லை. அமிலம் தின்றிருந்தது. பெரிய குவார்ட்ஸ் மணியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மாவாகிப்போன குவார்ட்ஸை மற்றவற்றோடு சேர்த்து விழுங்கிவிடும். கலியாணசுந்தரம் எவ்வளவு அக்கறையாக அரைத்தாரோ அவ்வளவு குவார்ட்ஸ் காணாமல் போயிற்று. அவர் அரைக்காமல் விட்டிருந்தாலும் விட்டத்துத் தூசி பாதி மாவுதான். நெஞ்சுக்குள் எது போகுமோ அதைத்தான் அமிலமும் முதலில் கரைத்தது.

இலாகாவின் புட்டியில் ஒரு சோதனைக்கு ஆகும் தூசிகூட மிச்சமில்லை. எல்லாம் ரேகையில் படியும் அளவுக்கு அரைபட்டு, மூன்று தடவையாகக் கரைந்து போய்விட்டது. மறுபடி எடுக்க ஆலைக்குப் போனால் தவுக்கே விட்டங்களை முன்கூட்டியே துடைத்து வைத்திருப்பான்.

சொக்கப்பன் அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"தவுக்கே போன் பண்ணினான். கொட்டகையில இருமுற ஒருத்தன் உனக்கு அக்கா புருஷனாமே?"

"ஆமா சார்."

"ஒரு மாசமா இதை என்கிட்ட சொல்லல."

"சொல்லல சார்."

"ஒம்போதை முப்பதாக்கணும்னு மூஞ்சியைத் தூக்கிட்டு அலைஞ்சது இதுக்குத்தானா?"

ஜெயபாலன் கதையைச் சொன்னான். கல், இரண்டு பெயர், ரேகை, அமிலம். சொக்கப்பன் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் கலியாணசுந்தரத்தைக் கூப்பிட்டார். அவரிடமும் கேட்டார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அழகா இருக்கு. ஒருத்தன் கரைஞ்சு போச்சுங்கிறான், ஒருத்தன் நான்தான் அரைச்சேங்கிறான். காணாமப் போனதை நம்பி நான் கையெழுத்துப் போடணும். ரெண்டு பேரும் சேந்து எனக்குக் கதை விடுறீங்களா?"

"உங்க கோப்பியைப் பாருங்க சார்" என்றான் ஜெயபாலன்.

வீட்டிலிருந்து அவர் மனைவி தெய்வானை ஆச்சி அனுப்பிய கோப்பி மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. அதில் தேங்காய்ச் சர்க்கரைக் கட்டி போட்டிருந்தது. மலாக்காவில் அதைத்தான் போடுவார்கள்.

"அடியில கட்டி அப்படியே கிடக்கும். சுரண்டிப் போட்டிருந்தா இந்நேரம் இருக்குமா?"

சொக்கப்பன் டம்ளரைச் சாய்த்து அடியைப் பார்த்தார். கட்டி கிடந்தது. அதற்காக அவர் நம்பிவிடவில்லை.

"கோப்பி வேற, கல்லு வேற. சுத்தமான குவார்ட்ஸை நுணுக்கிப் போட்டா எவ்ளோ போகுதுன்னு காட்டு. என் கண்ணு முன்னால."

"அலமாரியில ஒரு புட்டி இருக்கு சார்."

"அலமாரி வேணாம். அலமாரியில செங்குன்னு எழுதி ஆலைக் கல்லு வச்சிருந்தவன்தானே நீ?"

சொக்கப்பன் இரண்டு கையாலும் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார். காசியிலிருந்து அவருடைய அப்பச்சி கொண்டுவந்த ஸ்படிக மாலை. கத்திரியை எடுத்து நூலை வெட்டினார். ஒரு மணியை மேசைமேல் உருட்டிவிட்டு, மற்றவற்றைக் கைக்குட்டையில் முடிந்தார்.

"ஸ்படிகம் சுத்தமான குவார்ட்ஸ்தானே? இதுல நீங்க ரெண்டு பேரும் கை வச்சிருக்க முடியாது. ராத்திரியும் கழுத்துல கிடந்தது."

"முதலாளி, அது சாமி கும்பிடறது" என்றார் கலியாணசுந்தரம்.

"கண்ணாடியா ஸ்படிகமான்னு அப்பச்சி காலத்துலேர்ந்து வீட்டுல ஒரு சந்தேகம் இருக்கு. கண்ணாடின்னா முழுசும் கரைஞ்சுடும். அதுவும் தெரிஞ்சு போகட்டும்."

மணியை அவரே இடித்தார். ஒரு பாதியைக் கொரகொரப்பாகவே வைத்துக்கொண்டார். மறுபாதியைக் கலியாணசுந்தரத்திடம் கொடுத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் கல்வத்தைச் சுற்றினார். சொக்கப்பன் கண்ணை எடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு எழுந்தபோது கல்வத்தையும் கையோடு வீட்டுக்கு எடுத்துப்போய், சாப்பிட்டு, திரும்பக் கொண்டுவந்தார். கடைசியில் கலியாணசுந்தரம் விரலைத் தேய்த்து நீட்டினார். சொக்கப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரேகையைப் பார்த்தார்.

"இலாகாத் தூசியும் இதே அளவுக்குத்தானா?"

"இதே அளவுதான். என் கைதானே."

அமிலத்தையும் சொக்கப்பனே காய்ச்சினார். ஜெயபாலன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். அப்படி நிற்கச் சொன்னதும் அவர்தான்.

கொரகொரத்த பாதி ஏறக்குறைய முழுசாகத் திரும்பி வந்தது. சொக்கப்பன் பெருமூச்சு விட்டார். "கண்ணாடி இல்ல. அப்பச்சி ஏமாறல."

நுணுக்கிய பாதியில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. எண்ணை அவர் மூன்று முறை படித்தார். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். நுணுக்கிய தூசியில் ஒன்பது மிஞ்சியது என்றால் அமிலத்தில் போகும்முன் அதில் முப்பது இருந்திருக்கிறது. கல்லில் இருந்த அதே முப்பது.

"எழுது" என்றார். உடனே கையைத் தூக்கி நிறுத்தினார். "நீ எழுதாதே. உன் பேரே இதுல வரக்கூடாது. நான் எழுதுறேன்."

அறிக்கையில் இரண்டு எண்ணையும் போட்டார். அளந்தது ஒன்பது, உண்மையில் முப்பது, இடையில் நடந்தது இன்னது என்று எழுதினார். ஸ்படிக மணியைச் சொந்தச் செலவில் உடைத்ததாகவும் ஒரு வரி சேர்த்தார். ஆச்சி கேட்டால் காட்டுவதற்கு.

இலாகாவிலிருந்து ஆள் வந்து ஒரு முறை விசாரித்துவிட்டுப் போனார். மாதக் கடைசிக்குள் ஆலைக்கு உத்தரவு போயிற்று. தண்ணீர்க் குழாய் வரும்வரை அரைவைக் கொட்டகையில் இயந்திரம் ஓடக்கூடாது. மருதமுத்துவை வாசலில் லாரிகளைச் சரிபார்க்கப் போட்டார்கள். நெஞ்சில் படிந்தது படிந்ததுதான். டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சேதுபதியும் வெளியே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து இருமுவதாகவும், யார் இருமல் பெரிது என்று பந்தயம் கட்டுவதாகவும் பொன்னம்மா சொன்னாள். கதவுக்கு இன்னும் கல் வரவில்லை என்றும் சொன்னாள்.

சோதனைக்கூடத்தில் வேலை பழையபடி நடந்தது. பசியாறும் வேளையில் ஜெயபாலனோடு உட்கார்ந்துவந்த கலியாணசுந்தரம் இப்போது கீழே சைக்கிள் கடைக்குப் போய்விடுவார்.

அடுத்த வாரம் ஜோகூரிலிருந்து ஒரு மாதிரி வந்தது. ஜெயபாலன் புட்டியைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தான். அவர் அதை எடுத்து, ஒட்டியிருந்த பெயரை நிதானமாகப் படித்தார். ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"எந்த அளவுக்கு அரைக்கணும் சார்?"

அவர் அவனைச் சார் என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"நறநறன்னு இருக்கும்போதே விட்டுடுங்க அண்ணே."

"சரி சார்." புட்டியைத் திருப்பி, பெயர் அவனுக்குத் தெரியும்படி வைத்தார். "இதுல எழுதியிருக்கிறது நெசப் பேருதானே?"